தர்மபுரியிலிருந்து நாகர்கோவில்: கல்லூரி பார்க்கப் போக டிக்கெட் கிடைத்த விதம் – என் அனுபவம்

பிளஸ் டூ முடித்த மகனுக்காக மதுரை அமெரிக்கன் கல்லூரி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவர நினைத்தோம். நாங்கள் இருக்கும் கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லாததால், பெங்களூருவிலிருந்து ஒசூர், தர்மபுரி, சேலம், மதுரை வழியாக நாகர்கோவில் செல்லும் இரவு ரயிலில் தர்மபுரியில் ஏறுவதே வசதி. ஆனால் தர்மபுரி–மதுரை என்று எந்தத் தேதியில் தேடினாலும் காத்திருப்புப் பட்டியல்தான் வந்தது.

சேலத்திலிருந்து தேடியும் பயனில்லை. தட்கலை நம்பலாமென்றால், அது முந்தைய நாள்தான் திறக்கும். விடுதி அறையையும் கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவைத்த நேரத்தையும் அதற்காக அந்தரத்தில் விட முடியாது.

காத்திருப்பு எண்ணுக்கு முன்னால் இருந்த 'பி.க்யூ.டபிள்யூ.எல்.' என்ற எழுத்துகளைக் கவனித்த பிறகே வழி பிறந்தது. இடைப்பட்ட நிலையங்களுக்குப் பொதுவாக ஒதுக்கப்படும் சிறிய பங்குக்கான காத்திருப்புப் பட்டியல் அது. ரயில் புறப்படும் ஊரிலிருந்து கடைசி ஊர் வரையிலான பொது ஒதுக்கீடு வேறு. பெங்களூரு–நாகர்கோவில் என்று தேடியதும் அதே ரயிலில், அதே தேதியில் படுக்கை காலியாக இருந்தது. பதிவு செய்யும்போதே ஏறும் நிலையத்தைத் தர்மபுரி என மாற்றிக்கொண்டேன். கட்டணம் சற்றுக் கூடுதல்தான். டிக்கெட் நாகர்கோவில் வரை என்பதால் பயண வரிசையையும் திருப்பி, முதலில் நாகர்கோவில், பிறகு பாளையங்கோட்டை, கடைசியாக மதுரை எனப் பேருந்தில் வடக்கு நோக்கி வந்தோம்.

ஏறும் நிலையத்தை மாற்றியபின் பெங்களூருவில் ஏறும் உரிமை கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.