அக்வாலங் பாட்டை மனசிலாக்குறது எப்படி

மக்களே, உடைஞ்சு போனவங்க, ஊரு ஒதுக்குனவங்க பத்தின ராக் பாட்டுன்னா நாம உடனே லிரிக்ஸ தேடிப் போயிருவோம். முதல் தடவ அத செய்யாதீங்க. ஜெத்ரோ டல்ங்குற பிரிட்டிஷ் ராக் குழு 1971ல போட்ட அக்வாலங்க எடுத்துக்கிடுவோம், பார்க் பெஞ்சுல இருக்க ஒரு அழுக்குக் கிழவரப் பத்தின பாட்டு, 6 நிமிஷத்துக்கு மேல ஓடும். ஹெட்போன மாட்டிக்கிட்டு, கையில ஒரு பேப்பர் பென்சில் வச்சுக்கிட்டு, வார்த்தைய விட்டுட்டு சத்தத்த மட்டும் கேளுங்க. மார்ட்டின் பாரோட கிட்டார் ஆறே நோட்டுல மூஞ்சில அடிச்ச மாதிரி தொடங்கும், ஒரு நிமிஷம் போல ஆனதும் எல்லாம் அடங்கி அக்கூஸ்டிக் கிட்டாரும் பழைய போன்ல பேசுற மாதிரி ஒரு குரலும் தான் மிஞ்சும். அந்த எடத்துல ஒரு கோடு போடுங்க.

இப்ப லிரிக்ஸ எடுங்க. கோட்டுக்கு மேல உள்ளது ரோட்டுல போறவன் பாக்குறது: மூக்கு ஒழுகுது, விரல்ல பிசுக்கு, கண்ணு சின்னப் பிள்ளைங்க மேல தப்பா போவுது. கோட்டுக்குக் கீழ அதே ஆளுதான், ஆனா சிகரெட் துண்டு பொறுக்கக் குனிஞ்சா கால் வலிக்கி, தனியா பொழுதப் போக்குதாரு. அதுக்கு அப்புறம் ‘அவன்’ போயி ‘நீ’ வருது பாருங்க, பாடுறவரு நண்பான்னு கூப்பிடுதாரு, பதறாத, நான்தான்னு சொல்லுதாரு. ‘அவன்’, ‘நீ’, ‘நான்’ மூணையும் அடிக்கோடு போட்டுப் பாத்தா இந்த மாதிரி எந்தப் பாட்டும் பைய தொறக்கும். இங்க பயந்து ஒதுங்குறது நாம இல்ல, அந்தக் கிழவரு.

இது எனக்கு மனசிலானது கன்னியாகுமரி ஸ்டேஷன்ல வச்சுதான். அசாம்ல உள்ள திப்ரூகர்ல இருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடி வர்ற விவேக் எக்ஸ்பிரஸ் வந்து நிக்குற எடம், அதுக்கு மேல தண்டவாளமே கிடையாது. பெஞ்சுல ஒரு பெரியவரு, ஒரு கால்ல செருப்பு, இன்னொரு கால்ல பிளாஸ்டிக் கவரச் சுத்தி சணல்ல கட்டியிருந்தாரு. நான் டீய நீட்டுனதும் அவரு பெஞ்சோட அந்த ஓரத்துக்கு நவுந்துட்டாரு. டீய நடுவுல வச்சுட்டு நான் தள்ளிப் போயி நின்ன பொறவுதான் எடுத்தாரு.

வார்த்தைக்கு வருவோம். பாட்டுல ரோட்டுக்கு அங்கன ஆர்மி இருக்கு, அங்க டீ கிடைக்கும்னு வரும். ராணுவம்னு எடுத்தா மொத்தமும் கொழம்பிரும். அது சால்வேஷன் ஆர்மி, நம்ம இரட்சணிய சேனை. 1865ல லண்டன்ல வில்லியம் பூத்தும் கேதரின் பூத்தும் தொடங்குனது, நாகர்கோவில்ல உள்ள கேதரின் பூத் ஆஸ்பத்திரி அந்த அம்மா பேருலதான் இருக்கு, அதனால நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த வரி சுளுவா பிடிபடணும். ஆனா பாட்டுல இரட்சிப்ப ஒரு ஃபேஷன் மாதிரி சொல்லி டீயோட சேத்து வச்சிருக்காரு, அதுல ஒரு குத்தல் இருக்கு, இந்தப் பாட்டு பேருலயே வந்த ஆல்பத்தோட ரெண்டாவது பக்கத்துல பெரும்பாலும் மத அமைப்புகள பாடுறவரு கேள்வி கேக்குதாரு.

கிழவரோட பேரும் அப்படித்தான், அக்வாலங்னா கடலுக்கடியில மூச்சு விடுற கருவி. கடல்ல முங்குறவங்க சத்தத்தோட அவரு மூச்சு இழுக்காருன்னு பாட்டுல வரும். நம்ம குமரிக் கடலோரத்துல கடியபட்டணம் பக்கம் சிப்பி எடுக்க முங்குறவங்க மேல வந்ததும் இழுப்பாங்களே ஒரு மூச்சு, அத கிட்ட நின்னு கேட்டவங்களுக்கு அந்தக் கிழவரு நெஞ்சுல இருந்து வர்ற சத்தம் எதுன்னு வெளக்கவே வேண்டாம்.

பாட்டு எங்க இருந்து வந்துச்சுன்னும் பாக்கணும். பாடகர் இயன் ஆண்டர்சனோட அப்போதைய மனைவி ஜென்னி லண்டன்ல வீடில்லாதவங்கள போட்டோ எடுத்தாங்க, அதுல இருந்துதான் இது பிறந்துச்சு, வரி எழுதினதுல அவங்க பேரும் உண்டு. அதாவது ஒருத்தர் நின்னு, கேமராவத் தூக்கி, நேராப் பாத்திருக்காங்க.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க, இரக்கப்பட்டு அந்தக் கிழவர சாமியார் ஆக்கிராதீங்க. பிள்ளைங்கள தப்பாப் பாக்குற வரிய நெறைய பேரு விட்டுட்டு அர்த்தம் சொல்லுதாங்க, அது சரியில்ல. பாட்டு அத அழிக்கல, கடைசில அந்த முதல் வரிகளயே திரும்பவும் பாடுது. அந்த எடத்துல நிறுத்தி, தொடக்கத்துல அதே வரி உங்களுக்கு எப்படி கேட்டுச்சு, இப்ப எப்படி கேக்குதுன்னு கோட்டுக்குப் பக்கத்துல எழுதி வைங்க.