மூட்டு வலிக்காரரோடு வெனிஸ்: கிலோமீட்டரை விடுங்கள், பாலத்தை எண்ணுங்கள்

எங்கள் மும்பை செம்பூர் பக்கம் அப்பா அம்மாவை ஐரோப்பா கூட்டிப் போகிறவர்கள் இப்போது அதிகம். விசா, இன்ஷூரன்ஸ், பருப்புப் பொடி டப்பா வரைக்கும் பட்டியல் போடுகிறார்கள். வெனிஸில் எத்தனை படி ஏற வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முட்டியும் தேய்மானம். அவரோடு சுற்றியதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

வெனிஸின் பழைய நகருக்குள் கார் கிடையாது, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. நூற்றுச் சொச்சம் தீவுகள், நானூறுக்கு மேல் பாலங்கள். கீழே படகு போக வேண்டுமே, அதனால் பெரும்பாலான பாலங்களுக்குப் படிதான். தாதர் ஸ்டேஷன் பாலத்துக்கு முன்னால் இவை பொம்மை மாதிரி. ஆனால் தாதரில் ஒரு தடவை ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. இங்கே பத்து நிமிட நடையில் நாலைந்து வந்து நிற்கும். மேப் 'எட்டு நிமிடம்' என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

ஆகவே ஹோட்டல் பதிவு செய்யுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தப் படகு நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை பாலம்? 'பாலமே இல்லை' என்று சொல்பவரிடம் இருபது யூரோ கூடக் கொடுத்தாலும் தகும். பெட்டியைத் தூக்கப்போவதும் நீங்கள்தானே. முகவரியை மட்டும் பார்த்து எதையும் கணிக்க முடியாது. நகரம் ஆறு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. கதவு எண்கள் தெருவாரியாக இல்லாமல் பேட்டை முழுக்க ஓடும், ஆயிரக்கணக்கில் போகும். பாலம் ஏறாமல் போகக்கூடிய பகுதிகளைக் குறித்த வரைபடம் நகராட்சியிடமே இருக்கிறது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று போட்டது, முட்டிக்காரர்களுக்கும் உதவும்.

அங்கே பஸ் என்றால் வாப்பரெத்தோ என்னும் படகுதான். 75 நிமிடத்துக்கான ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ, ஒரு பாலத்துக்குப் பயந்து ஒரு நிறுத்தம் போனாலும் அதே காசு. பெரியவர்களோடு போனால் 24 மணி நேரத்துக்கோ 72 மணி நேரத்துக்கோ பாஸ் எடுத்துவிடுங்கள், 25 யூரோவும் 45 யூரோவும். பாஸ் கையில் இருந்தால்தான் 'சரி, இந்தப் படகில் ஏறி உட்காரலாம்' என்று மனசு வரும். ஒவ்வொரு முறையும் மிதவை மேடையில் உள்ள இயந்திரத்தில் அட்டையைத் தொட மறக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து வரும் அலிலகூனா படகில் இந்தப் பாஸ் செல்லாது. 5-ஆம் எண் பஸ் பிடித்து, நகர விளிம்பில் பஸ்கள் வந்து நிற்கும் பியாசாலே ரோமாவில் இறங்குவது மலிவு.

அங்கேதான் 1-ஆம் எண் படகு கிளம்புகிறது. பெரிய கால்வாய் முழுக்க நின்று நின்று போகும், நகரின் பெரிய சதுக்கமான சான் மார்கோவுக்கு முக்கால் மணி ஆகும். அவசரக்காரர்கள் 2-ஐப் பிடிப்பார்கள், நீங்கள் 1-லேயே போங்கள். புறப்படும் இடத்திலேயே ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். அடுத்து ரயில் நிலைய நிறுத்தத்தில் கூட்டம் அப்பிக்கொள்ளும். மாளிகைகள், 1591-ல் கட்டி முடித்த ரியால்தோ கல் பாலம், எல்லாம் உட்கார்ந்தபடியே பார்த்தாயிற்று. மாமியார் இதையே திரும்ப ஒரு தடவை போகலாம் என்றார், போனோம்.

சான் மார்கோ சதுக்கத்துக்கு வல்லரெஸ்ஸோ நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சந்துக்குள் நேரே போய் வலப்பக்கம் திரும்பினால் ஒரு பாலமும் இல்லாமல் சதுக்கம். அடுத்த நிறுத்தமான சான் சக்காரியாவில் இறங்கினால் பாலம் ஏறித்தான் திரும்பி வரவேண்டும். பழைய சிறைக்குப் போகும் பெருமூச்சுப் பாலம் (Bridge of Sighs) அந்தப் பாலத்தின் மேலிருந்துதான் நன்றாகத் தெரியும் என்பது வேறு விஷயம். பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், புடவைக்காரர்களுக்குக் கவலையில்லை. மாடியில் குதிரைச் சிலைகளுக்குப் போகும் படி செங்குத்து, பெரியவரைக் கீழேயே உட்கார வையுங்கள்.

உட்காருவது என்றதும் ஒன்று: சதுக்கத்துப் படிகளில் அமர்ந்தால் அபராதம். காபிக் கடை நாற்காலியில் அமர்ந்தால் வாத்தியம் வாசிக்கும் நேரத்தில் அதற்கும் சேர்த்துப் பில் வரும். நீர்க்கரைக்கு வந்து வலப்பக்கம் நடந்தால் அரச தோட்டம், நிழலும் பெஞ்சும் உண்டு, காசில்லை.

மேலிருந்து ஊரைப் பார்க்கும் ஆசைக்கு சான் மார்கோ மணிக்கூண்டில் லிஃப்ட் இருக்கிறது. 1902-ல் இடிந்து விழுந்து, 1912-ல் திரும்ப எழுந்த கூண்டு அது. வரிசை நீளம். எதிர்த் தீவான சான் ஜோர்ஜோ மஜ்ஜோரேயின் தேவாலயக் கூண்டிலும் லிஃப்ட் உண்டு, கூட்டம் குறைவு, படகு கோயில் வாசலிலேயே விடும். என் ஓட்டு அதற்குத்தான்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏறும். 2020 முதல் மோசே என்ற கடல் தடுப்பு பெரிய ஏற்றத்தைத் தடுத்தாலும், தாழ்வான சான் மார்கோவில் சின்ன ஏற்றத்துக்கே தண்ணீர் நிற்கலாம். நாம் பார்க்காத தண்ணீரா. ஆனாலும் வழுக்காத செருப்பு அவசியம்.

சைவத்துக்குத் தக்காளி பாஸ்தா, மரினாரா பிட்ஸா போதும். ரிசோத்தோ என்னும் அரிசிச் சாதத்தில் மாமிசச் சாறு இருக்கலாம், கேட்டுவிடுங்கள்.

கடைசியாக கொண்டோலா என்னும் துடுப்புப் படகு. பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. இது படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம். படகோட்டி கைகொடுத்து இறக்கிவிடுவார். பாட்டுக்குத் தனிக் காசு, வேண்டாமென்றால் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள்.