சுவரொட்டி முகத்தின் மூலப் படம்: தேடுவோர் செய்யும் தவறுகள்

மே தினம் நெருங்கினால் போதும், கடலூர், புதுச்சேரி பேனர் கடைக் கணினிகளில் சே குவேரா முகம் ஏறிவிடும். "இந்தப் போட்டோ யாரு எடுத்ததுண்ணே?" என்று கேட்கிற தம்பிகள் தேட உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் "கிடைச்சிருச்சு" என்று கொண்டுவருவது பெரும்பாலும் இன்னொரு சுவரொட்டியைத்தான்.

பிரதியின் பிரதியைப் பிடிப்பது

படத்தைக் காட்டித் தேடும் கூகுள் லென்ஸ் முன்னால் நிறுத்துவது அதிகம் பரவிய படத்தை. முதலில் எடுத்ததை அல்ல. ஓரங்களைப் பாருங்கள். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில், லா கூப்ர் கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான நினைவுக் கூட்டத்தில் கியூபப் புகைப்படக்காரர் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த முழு ஃபிரேமில், இடப்பக்கம் ஒருவரின் பக்கவாட்டு முகம், வலப்பக்கம் பனையோலை. பரவிய படங்களில் இரண்டுமே வெட்டப்பட்டிருக்கும். ஓரம் கூடுதலாக உள்ள பிரதியே மூலத்துக்கு நெருக்கம்.

இழுத்துப் பொருத்துவது

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம், இதுதான் இன்றும் எரிச்சல் மூட்டுகிறது. சுவரொட்டியின் மேல் போட்டோவைப் போட்டு, அடியில் உள்ளது தெரியும்படி ஒபாசிட்டியை 50 சதவீதமாக்கி, காது இடித்தால் அகலத்தைக் கொஞ்சம் கூட்டி, தாடை இறங்கினால் உயரத்தைக் குறைத்து, "அச்சு அசலாப் பொருந்துது பாருங்க" என்பார்கள். அப்படி இழுத்தால் எம்.ஜி.ஆர். முகமும் சேவின் மேல் கச்சிதமாக உட்காரும்.

நகர்த்தலாம், சுழற்றலாம், அகல உயர விகிதத்தைப் பூட்டியபடி பெரிதாக்கலாம். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. இரு கண்களின் வெளி ஓரங்களை மட்டும் பொருத்துங்கள். பிறகு கண்களைப் பார்க்கவே வேண்டாம், அவை நீங்களே பொருத்தியவை. பொருத்தாத இடங்களில்தான் சோதனை: காது மடல், மூக்கின் நிழல் ஓரம், காலர் முனை, டை முடிச்சு. கேமரா ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே காதுக்கும் கன்னத்துக்குமான இடைவெளி மாறிவிடும். ஒரே கூட்டத்தில் ஒரு நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு ஃபிரேம்களைப் பிரித்துக் காட்டுவது முகமல்ல, காலர் மடிப்புதான்.

அடுத்து, போட்டோவைக் கருப்பு வெள்ளையாக்கி மூன்று நான்கு டோன்களாக, அதாவது வெளிச்ச நிழல் அளவுகளாகக் குறையுங்கள். சுவரொட்டியின் நிற எல்லைகள் அந்த நிழல் எல்லைகளின் வழியே போக வேண்டும். கன்னத்தில் போய், கழுத்தில் விலகினால் அது வேறு படம்.

இதில் அனுபவசாலிகளும் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரியின் 2008 ஒபாமா 'ஹோப்' சுவரொட்டிக்கு மூலம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஜிம் யங் எடுத்த படம் என்று முதலில் சொல்லப்பட்டது. 2009 ஜனவரியில்தான் உண்மையான படம் பிடிபட்டது: 2006 ஏப்ரல் 27 அன்று வாஷிங்டன் நேஷனல் பிரஸ் கிளப்பில் ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்துக்காக மேனி கார்சியா எடுத்தது. தலைசாய்ப்பும் பார்வையும் ஒத்திருந்தால் போதும் என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும். தலையைச் சாய்த்துத் தூரம் பார்க்காத அரசியல்வாதி உண்டா?

கண்ணாடிப் பிம்பம்

ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆண் சட்டையின் பை இடது மார்பில். வலது மார்பில் தெரிந்தால் படம் திருப்பப்பட்டது.

வரைந்தவர் சொன்னாரே!

சொல்லட்டும். ஏ.பி.யுடனான பதிப்புரிமை வழக்கில், பக்கத்தில் ஜார்ஜ் குளூனி அமர்ந்திருக்கும் படத்தையே பயன்படுத்தியதாக ஃபேரி சொன்னார். 2009 அக்டோபரில், உண்மையில் ஒபாமா மட்டும் உள்ள குளோசப்தான் என்றும், அதை மறைக்கக் கோப்புகளை அழிக்க முயன்றதாகவும் ஒப்புக்கொண்டார். இரண்டுமே கார்சியா அதே நிகழ்ச்சியில் எடுத்தவை. ஆனால் பெரிய படத்திலிருந்து ஒரு துண்டை எடுப்பதும், குளோசப்பை ஏறத்தாழ முழுதாக எடுப்பதும் வழக்கில் ஒன்றல்ல. அந்த மறைப்புக்காக 2012இல் அவருக்கு இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

அதே எச்சரிக்கை எதிர்ப்பக்கமும் பொருந்தும். அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் 1968இல் சேவை வரைந்தபோது கண்களைச் சற்று மேலே தூக்கிவிட்டார். கண் பொருந்தவில்லை என்று கோர்டா படத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் படத்தில் தேதி தேடுவது

இருக்காது. செய்தி ஏஜென்சி காப்பகத்தின் படக்குறிப்பைப் படியுங்கள்.

பெயர் போடும்போது

காதும் காலரும் நிழலும் மூன்றும் ஒத்தால் 'மூலப் படம்'. ஒன்று இடித்தாலும் 'ஒத்த படம்' என்றே எழுதுங்கள்.