யெல்லோஸ்டோனுக்கு முதல்முறை போகிறீர்களா? கீசர், நடை, கரடி: எதை எப்படிப் பார்ப்பது

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு முதல் தடவை நாங்கள் நால்வர் போனபோது, இரண்டே நாளில் பூங்கா முழுவதையும் பார்த்துவிடத் திட்டம் போட்டிருந்தோம். காரை நிறுத்து, இறங்கு, படம் எடு, ஏறு. வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் 600 படங்கள். ஒரு ஓநாய்கூடக் கண்ணில் பட்டிருக்கவில்லை. கிராண்ட் என்ற கீசர் (அவ்வப்போது வெந்நீரை உயரப் பீய்ச்சும் ஊற்று) பொங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அங்கிருந்து கிளம்பியிருந்தோம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அடுத்த தடவை பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, மீதி இடங்களில் நிதானமாக உட்கார்ந்தோம். நான் சொல்லப்போவது அந்த இரண்டாம் தடவை முறை.

படி 1: தங்குமிடத்தை இரண்டாகப் பிரியுங்கள்

1872 மார்ச் 1 அன்று தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் இது. பரப்பு ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில், ஓரங்கள் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். உள்ளே 8 என்ற எண் போலச் சுற்றி வரும் சாலை மட்டுமே 229 கிலோமீட்டர். வரைபடத்தில் பக்கமாகத் தெரியும் இடத்துக்கு, வழியில் பைசன் (காட்டெருமை) கூட்டம் படுத்துக்கொண்டால் மூன்று மணி நேரம் ஆகும். ஹாரன் அடித்துப் பயனில்லை.

கீசர்கள் அதிகம் இருப்பது தென்மேற்கில், ஓநாய்கள் திரிவது வடகிழக்கில். ஆகவே இரண்டு இரவு ஓல்ட் ஃபெயித்ஃபுல் கீசர் பக்கமோ வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரிலோ தங்குங்கள். இரண்டு இரவு வடக்கு வாசலில் இருக்கும் கார்டினர் ஊரில். பூங்காவுக்குள் இருக்கும் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். நவம்பர் தொடக்கத்தில் இருந்து ஏப்ரல் பாதி வரை பெரும்பாலான சாலைகளில் கார் போக முடியாது. என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் நல்ல மாதம்.

படி 2: மூட்டை

பூங்காவின் பெரும்பகுதி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூலையிலும் விடியற்காலையில் பல் கிட்டும், ஜாக்கெட் வேண்டும். பைனாகுலர் வேண்டும். பெரும்பாலான இடங்களில் போனில் சிக்னல் இருக்காது, அதனால் தேசியப் பூங்காச் சேவையின் செயலியையும் வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கரடி ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. அங்கே போய் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். கொசு மருந்து மாதிரி உடம்பில் பூசிக்கொள்வதற்கு அல்ல, பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு நேரே அடிப்பதற்கு. சிரிக்காதீர்கள், எங்கள் கூட்டத்தில் ஒருவன் கையை நீட்டிவிட்டான்.

படி 3: கீசருக்கு நேரம் ஒதுக்குங்கள், நிறைய

உலகில் இருக்கும் கீசர்களில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே பூங்காவில் இருக்கின்றன. அடியில் சூடான பாறை, மேலே இருந்து இறங்கும் மழைநீர், பனிநீர், நடுவில் எங்கோ ஒரு குறுகலான கழுத்து. ஆழத்தில் இருக்கும் நீரை மேலே இருக்கும் நீர் அழுத்திக்கொண்டிருப்பதால், கொதிநிலை தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கும். சில குமிழிகள் கழுத்தில் புகுந்து மேலே கொஞ்சம் நீரைத் தள்ளிவிட்டால் அழுத்தம் சட்டென்று குறையும். அடியில் இருப்பது ஒரே நொடியில் ஆவியாகும். ஆவி அடங்கும் முன்பு குக்கர் மூடியைத் திறந்தால் பருப்பு விட்டத்தில் போய் ஒட்டுமே, அதே கதைதான்.

முதலில் ஓல்ட் ஃபெயித்ஃபுல் பார்வையாளர் மையத்துக்குப் போங்கள். ஓல்ட் ஃபெயித்ஃபுல், கிராண்ட், காஸில், டெய்ஸி, ரிவர்சைட் ஆகியவை அடுத்து எப்போது பொங்கும் என்று அங்கே பலகையில் எழுதியிருப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டு உங்கள் நாளை அதன்படி அமையுங்கள்.

ஓல்ட் ஃபெயித்ஃபுல் பொங்கும்போது போனில் வீடியோ வேண்டாம், ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அடுத்தது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரும். அதைத் தாண்டினால் ஒன்றரை மணி நேரம், பத்து நிமிடம் முன்னே பின்னே. நாங்களே கணக்குப் போட்டு, அது சரியாக வந்தபோது கிடைத்த சந்தோஷம் எந்த வீடியோவிலும் இல்லை.

அடுத்து கிராண்ட். நேரம் கணிக்கக்கூடிய கீசர்களில் உலகிலேயே உயரமானது இதுதான்; 60 மீட்டர் வரை எழும். பலகையில் இதற்குப் பெரிய இடைவெளி விட்டுத்தான் நேரம் போட்டிருப்பார்கள், கூட்டம் இங்கே குறைவதற்கும் அதுவே காரணம். பக்கத்தில் டர்பன் என்று ஒரு சின்னக் கீசர், 20 நிமிடத்துக்கு ஒருமுறை போலத் துள்ளும். கிராண்ட் எழுந்தால் பெரும்பாலும் அந்தத் துள்ளலை ஒட்டித்தான் எழும். ஆக, டர்பன் துள்ளும்போது கிராண்டின் குளத்தைப் பாருங்கள். விளிம்பு வரை நிரம்பி நீர்ப்பரப்பு நடுங்கினால் எழுந்து நில்லுங்கள். நடுங்காவிட்டால் இன்னொரு 20 நிமிடம் உட்காருங்கள்.

நாங்கள் புளியோதரையைப் பிரித்துவைத்துக்கொண்டு அப்படி ஐந்து தடவை உட்கார்ந்தோம். "இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்று நான்காவது தடவை கேட்டவன்தான், ஆறாவது தடவை அது எழுந்தபோது கையில் இருந்த டப்பாவைக் கீழே போட்டான். பத்து நிமிடம் ஓடியது. அடங்கிவிட்டதே என்று உடனே கிளம்பாதீர்கள். சில நாள் இன்னொரு வெடிப்பும் வரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: மரப்பலகை நடைபாதையை விட்டு ஒரு அடிகூட இறங்கக் கூடாது. வெள்ளையாக, உறுதியாகத் தெரியும் தரை பல இடங்களில் மெல்லிய ஓடு. கீழே கொதிநீர். இதுவரை 20 பேருக்கு மேல் இங்கே வெந்நீரில் விழுந்து இறந்திருக்கிறார்கள். தொப்பி பறந்து போனால் போகட்டும். ஊற்றில் காசும் போடாதீர்கள். மார்னிங் குளோரி குளத்தில் ஆட்கள் போட்ட காசும் குப்பையும் அடைத்ததில் அதன் நீலநிறமே மாறிப்போயிற்று.

படி 4: கிராண்ட் பிரிஸ்மாட்டிக், உச்சிவெயிலில்

எதற்கும் விடியற்காலையே நல்லது என்பது இந்தப் பெரிய வெந்நீர் ஊற்றுக்குப் பொருந்தாது. குளிரில் ஆவி மூடிக்கொள்ளும், நிறம் தெரியாது. வெயில் ஏறிய பின் போங்கள். அதுவும் ஊற்றின் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஆரஞ்சுச் சேறு போலத்தான் இருக்கும். ஃபேரி ஃபால்ஸ் பார்க்கிங்கில் காரை விட்டு, ஒரு கிலோமீட்டர் நடந்து மேட்டில் இருக்கும் காட்சிமேடைக்கு ஏறுங்கள். 110 மீட்டர் அகலக் குளம் முழுதாகத் தெரியும்: நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள், ஆரஞ்சு. ஓர நிறங்கள் வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்களுடையவை. இப்படிப்பட்ட ஓர் உயிர், இதே பூங்காவின் வெந்நீர் ஊற்றில் 1960களில் கண்டெடுக்கப்பட்டது. பின்னால் பிசிஆர் சோதனைக்கான நொதி அதிலிருந்துதான் கிடைத்தது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதன் பூர்விகம் இங்கே.

படி 5: ஒரு நடை போதும்

பழக்கம் இல்லாதவர்கள் காட்சிமேடையைத் தாண்டி அதே பாதையில் ஃபேரி அருவி வரை போகலாம். சமதரை, முடிவில் 61 மீட்டர் அருவி. கால் பலமிருந்தால் மவுண்ட் வாஷ்பர்ன், 3,122 மீட்டர். டன்ரேவன் கணவாயில் இருந்து போய்வர 10 கிலோமீட்டர். காலையிலேயே ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், பிற்பகலில் இடி வரும். மூச்சு வாங்கும், வெட்கப்படாமல் நில்லுங்கள்.

மூன்று பேருக்குக் குறையாமல், பேசிக்கொண்டே நடக்கச் சொல்கிறார்கள். கரடி திடுக்கிடக் கூடாது அல்லவா? நம்மவர்களுக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டிய பாடமே இல்லை.

படி 6: விலங்குகளுக்கு விடியலைக் கொடுங்கள்

கரடி, ஓநாய், பூமா என்றால் 91 மீட்டர். பைசன், எல்க் மான், மற்ற எதுவாக இருந்தாலும் 23 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அளவு தெரியாவிட்டால் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலைத் தூக்குங்கள். விலங்கு முழுதாக விரலுக்குப் பின்னால் மறைந்தால் சரி. பைசன் மாடு மாதிரி மேய்ந்தாலும் மனிதனைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும். வால் தூக்கினால் பின்வாங்குங்கள்.

கார்டினரில் நான்கரை மணிக்கு எழுந்து லாமார் பள்ளத்தாக்குக்கு ஓட்டிப் போனோம். 1995இல் கனடாவில் இருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து மறுபடி குடியேற்றிய பகுதி. நீங்களாகத் தேடாதீர்கள், முக்காலியில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் ஆட்களைத் தேடுங்கள். காரை ஒழுங்காக ஒதுக்கிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்றாலே போதும். ஒரு பாட்டி தானாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார். வெறும் கண்ணுக்கு எள் போலத் தெரிந்தது, கண்ணாடிக்குள் கறுத்த ஓநாயாக நின்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது கரடி ஸ்பிரேயை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள். எங்களுடையது விமான நிலையத்துக்குப் பாதி வழி போன பிறகுதான், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அகப்பட்டது.