ஜப்பானில் லைசென்ஸ் புதுப்பிப்பு: நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

இந்திய லைசென்ஸையோ இலங்கை லைசென்ஸையோ ஜப்பான் லைசென்ஸாக மாற்றுவதற்குள் படும் பாடு ஊரறிந்த கதை. எழுத்துத் தேர்வு, மைதானத்தில் ஓட்டிக்காட்டும் தேர்வு, எஸ் வளைவில் சக்கரம் ஏறி வீட்டுக்குத் திரும்புவது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. அந்தப் பயத்தில், புதுப்பிக்கப் போகும்போதும் தேர்வு வைப்பார்களோ என்று நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 70 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. கண் பரிசோதனை, போட்டோ, ஒரு வகுப்பு, அவ்வளவுதான். கட்டணமும் பெரிதல்ல. சாதாரண அட்டைக்கு 2,850 யென், அதோடு வகுப்புக்கு, இதுவரை ஓட்டிய வரலாற்றை வைத்து உங்களை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, 500 முதல் 1,400 யென் வரை.

கவுன்டரில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. காலண்டரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் கையில் விசா, ஸைர்யூ கார்டு (வெளிநாட்டவரின் வசிப்பு அட்டை), மை நம்பர் கார்டு (ஜப்பானின் அடையாள எண் அட்டை), லைசென்ஸ், பாஸ்போர்ட் என்று ஐந்து தேதிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று மாறினால் மற்றதும் தானாக மாறிவிடும் என்று நினைப்பதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு ஆரம்பம்.

மூன்று வருஷம் என்ற கணக்கு

முதல் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி, வாங்கிய தேதியிலிருந்து மூன்று வருஷம் எண்ணுவது முதல் தவறு. ஜப்பானில் கணக்கு பிறந்தநாளை வைத்து. லைசென்ஸ் வாங்கிய பிறகு வரும் மூன்றாவது பிறந்தநாள், அதற்கு மேல் ஒரு மாதம். ஜூன் 10 பிறந்தநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் லைசென்ஸ் கிடைத்திருந்தால் 2025, 2026, 2027 என்று மூன்று பிறந்தநாள் எண்ணி, 2027 ஜூலை 10-ல் முடிந்துவிடும். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான். அதே ஆள் ஜூலையில் வாங்கியிருந்தால் 2028 ஜூலை வரை ஓடும். தேதி அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் போட்டோவைத்தான் பார்க்கிறார்கள்.

புதுப்பிக்க இரண்டு மாதம் கிடைக்கும்: பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள் வரை செல்லும். இதை நம்பிக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். டோக்கியோ மையங்களில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். மாதக் கடைசியில் வசதியான நேரம் கிடைப்பது கஷ்டம்.

அஞ்சலட்டை வரும் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது என்று ஓர் அஞ்சலட்டை அனுப்புவார்கள், உண்மைதான். ஆனால் அது லைசென்ஸில் பதிவான முகவரிக்குத்தான் போகும். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயில் ஒரு வீட்டிலிருந்து பக்கத்துத் தெரு வீட்டுக்கு மாறும்போது, 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரி மாற்றுவதை நம்மவர்கள் மறப்பதில்லை. ஸைர்யூ கார்டின் பின்பக்கம் புது முகவரியும் ஏறிவிடும். லைசென்ஸ் வார்டு ஆபீஸ் விவகாரம் இல்லை, போலீஸ் விவகாரம். காவல் நிலையத்துக்கோ லைசென்ஸ் மையத்துக்கோ தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 20,000 யென் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் உண்டு. அஞ்சலட்டை வராவிட்டாலும் புதுப்பிக்கலாம். ஆனால் நீங்கள் எந்த வகை, எத்தனை மணி நேர வகுப்பு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எல்லா மையத்திலும் எல்லா வகைக்கும் வகுப்பு கிடையாது. அஞ்சலட்டை கையில் இல்லையென்றால் எந்த மையத்துக்குப் போகலாம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும் வருஷம்

பிரசவம், அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆறு மாதம் சென்னையிலிருந்தே வேலை. இப்படி நீண்ட பயணம் புதுப்பிக்கும் மாதத்தோடு மோதும்போதுதான் நிஜமான நஷ்டம் வருகிறது. இதற்கு ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. அந்த இரண்டு மாதத்திலும் வெளிநாட்டில் இருக்கப்போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டும், பயணத்தைக் காட்டும் டிக்கெட் மாதிரி ஏதாவதும் கொண்டுபோக வேண்டும். முன்கூட்டிப் புதுப்பிப்பதால் அடுத்த முறை செல்லுபடிக் காலம் கொஞ்சம் குறையும். அதற்காக இந்த வழியை விட்டுவிடுவது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? காலாவதியாகி ஆறு மாதத்துக்குள் போனால், தேர்வுகள் இல்லாமல் வகுப்பு மட்டும் கேட்டுவிட்டுப் புது லைசென்ஸ் வாங்கலாம். ஆறு மாதம் தாண்டி ஒரு வருஷத்துக்குள் என்றால் தற்காலிக லைசென்ஸ்தான், மீதித் தேர்வுகளை மறுபடி எழுதி ஓட்டிக்காட்ட வேண்டும். ஒரு வருஷமும் தாண்டினால் முதலிலிருந்து. காரணமில்லாமல் ஒரு நாள் காலாவதியானாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். ஐந்து வருஷம் குற்றமில்லாமல் ஓட்டி, தங்க நிறப் பட்டை வாங்கலாம் என்று காத்திருந்த கணக்கெல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

வெளிநாட்டில் இருந்ததைச் சட்டம் தவிர்க்க முடியாத காரணமாக ஏற்கிறது. அப்படியானால் காலாவதியாகி மூன்று வருஷம் வரை தேர்வு இல்லாமல் திரும்பப் பெறலாம். ஆனால் ஜப்பானுக்குத் திரும்பிய ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். இந்த ஒரு மாதத்தைத்தான் கோட்டைவிடுகிறார்கள். வந்து இறங்கி, குழந்தையைப் பள்ளியில் சேர்த்து, வீடு பார்த்து, அப்பாடா என்று உட்காரும்போது ஆறாவது வாரம் ஆகியிருக்கும்.

அதோடு, நீங்கள் வெளிநாட்டில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறதா? விமான நிலையக் குடிவரவில் தானியங்கி வாயில் வழியாகப் போய்வந்தால் முத்திரை விழாது. நேரம் மிச்சம் என்று அதில் பதிவு செய்துகொண்டவர்கள், வாயிலைத் தாண்டியதும் பக்கத்தில் இருக்கும் அதிகாரியிடம் கேட்டு ஒரு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டால் போடுவார்கள். வாங்காமல் விட்டால் குடிவரவு முகமையிடம் போக்குவரவுப் பதிவைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அது வந்து சேர நாளாகும். உங்களுக்கு இருப்பதோ ஒரே மாதம்.

இடைப்பட்ட காலத்தில் பக்கத்துக் கடைக்குத்தானே என்று காரை எடுக்காதீர்கள். தேதி முடிந்த லைசென்ஸோடு ஓட்டுவது லைசென்ஸே இல்லாமல் ஓட்டுவதுதான். மூன்று வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம், அதோடு விதிமீறலுக்கான புள்ளிக் கணக்கில் 25 புள்ளி. இந்தப் புள்ளிக்கு லைசென்ஸ் ரத்தாகும், இரண்டு வருஷம் மறுபடி வாங்கவும் முடியாது. தெரிந்தே கார் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. தெரிந்தே ‘என்னையும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்’ என்று கேட்டு ஏறியவருக்கும் தண்டனை உண்டு.

சர்வதேச பர்மிட் என்ற குறுக்குவழி

‘ஊருக்குப் போய்ச் சர்வதேச பர்மிட் எடுத்து வந்துவிடலாம், ஒரு வருஷம் கவலையில்லை’ என்று யோசனை சொல்பவர் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவர் இருப்பார். முதல் முறை ஜப்பான் வரும்போது அது சரி. 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி வழங்கப்பட்ட பர்மிட் இங்கே செல்லும். ஆனால் ஜப்பானில் குடியிருப்பாளராகப் பதிவானவர் மூன்று மாதத்துக்குக் குறைவாக ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினால், புது பர்மிட் கையில் இருந்தாலும் அதை வைத்து ஓட்ட முடியாது. தீபாவளிக்குப் போய் மூன்று வாரத்தில் பர்மிட்டோடு திரும்பி ஓட்டுகிறவர், சட்டத்தின் கண்ணில் லைசென்ஸ் இல்லாதவர். மேலே சொன்ன தண்டனை அப்படியே பொருந்தும். காலாவதியான ஜப்பான் லைசென்ஸுக்கு இது மாற்றே இல்லை.

மை நம்பர் கார்டில் ஏற்றினால்

2025 மார்ச் 24 முதல் லைசென்ஸை மை நம்பர் கார்டின் சிப்பில் ஏற்றிக்கொள்ளலாம். தனி அட்டை வேண்டாம் என்றால் புதுப்பிக்கும் கட்டணம் 2,100 யென், இரண்டும் வேண்டும் என்றால் 2,950. நற்சான்று ஓட்டுநரும் (தங்க நிறப் பட்டை வகை) பொது வகை ஓட்டுநரும் (சிறு மீறல் ஒன்றுக்கு மேல் இல்லாதவர்) வகுப்பை 200 யென்னுக்கு ஆன்லைனிலேயே பார்த்துவிடலாம். முதல் முறை புதுப்பிப்பவருக்கு இந்த வசதி இல்லை, மையத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டாக வேண்டும். ஆன்லைனில் பார்த்தவரும் கண் பரிசோதனைக்கும் போட்டோவுக்கும் நேரில் போயாக வேண்டும். வீடியோ முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

ஜப்பானியர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. நிரந்தர வசிப்புரிமை இல்லாதவரின் மை நம்பர் கார்டு, தங்கும் காலம் முடியும் அன்றே முடிந்துவிடும். விசா நீட்டித்தால் கார்டு தானாக நீளாது. பழைய தேதிக்குள் வார்டு ஆபீஸ் போய் நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் புது கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புது கார்டு வந்தால் லைசென்ஸ் விவரமும் அதிலேயே வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. கார்டின் முகப்பில் லைசென்ஸ் தேதியும் இருக்காது, செயலியில் படித்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு வருஷ விசாவில் இருப்பவர்கள் 850 யென் கூடக் கொடுத்துத் தனி அட்டையையும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மையத்தில்

இங்கே சறுக்குவது குறைவு. ஸைர்யூ கார்டை எடுத்துப் போங்கள். விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அது அட்டையின் பின்பக்கம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு போக வேண்டும். சாதாரண காருக்கு இரண்டு கண்ணும் சேர்த்துப் பார்வைத் திறன் 0.7, ஒவ்வொன்றும் தனியாக 0.3 வேண்டும். நான்கு இலக்க ரகசிய எண் இரண்டு கேட்பார்கள், யோசித்துக்கொண்டு போனால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்க மாட்டார்கள்.

அங்கே தரும் உடல்நலக் கேள்வித்தாளை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடந்த ஐந்து வருஷத்தில் மயங்கி விழுந்தது உண்டா, வலிப்பு மாதிரி வந்தது உண்டா, மருத்துவர் ஓட்ட வேண்டாம் என்றாரா என்று ஐந்து கேள்விகள் ஜப்பானிய மொழியில் இருக்கும். முன்னால் இருப்பவர் என்ன டிக் போடுகிறார் என்று பார்த்து, எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுக் கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்டது. பொய் சொன்னால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். சர்க்கரை இறங்கி ஒரு முறை மயங்கியவர் ஆம் என்று போட்டால் லைசென்ஸ் அங்கேயே பறிபோகாது. விசாரிப்பார்கள், தேவைப்பட்டால் மருத்துவரின் சான்று கேட்பார்கள்.

ஊர் லைசென்ஸையும் தூக்கிப் போடாதீர்கள், குறிப்பாக வீட்டில் இன்னொருவர் இன்னும் மாற்றாமல் இருந்தால். 2025 அக்டோபர் 1 முதல் மாற்றும்போது எழுதும் தேர்வு 10 கேள்வியிலிருந்து 50 கேள்வியாகிவிட்டது, 45 சரியாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் அன்று ஊர் லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். அதை வாங்கிய பிறகு அந்த நாட்டில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்ததையும் காட்ட வேண்டும். ஆகவே ஊரில் அதைப் புதுப்பிக்கும்போது முதலில் வழங்கப்பட்ட தேதி புது அட்டையிலும் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். விமானம் ஏறும்போது பழைய பாஸ்போர்ட்டுகளையும் பெட்டியில் வையுங்கள்.