எபிரெயர் 6:4-6: கடினமான வேதபகுதியை ஆராயும் முறை

பரம ஈவை ருசிபார்த்தபின் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்பும்படி மறுபடியும் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்கிறது புதிய ஏற்பாட்டு நிருபமாகிய (கடிதமாகிய) எபிரெயர் 6:4-6. வேதபாடத்தில் அது வந்துவிட்டால், "இரட்சிப்பை இழந்துபோக முடியுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதையே முதலில் கேட்டால், அவரவர் சபையில் கேட்டு வளர்ந்த பதில் முந்திக்கொள்ளும். வசனம் அந்தப் பதிலுக்குச் சாட்சி சொல்ல இழுத்துவரப்படும். வேதம் தேவனுடைய வார்த்தை, தனக்குத்தானே முரண்படாதது என்று விசுவாசிக்கிற நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முரண்பாடு இருக்காது என்ற நம்பிக்கையே, முரண்படுவதுபோலத் தெரியும் வசனத்தை அவசரமாக மழுங்கடிக்கத் தூண்டிவிடும். அதனால் இங்கே சொல்லும் வரிசையில் அந்தக் கேள்வி கடைசியில்தான் வருகிறது.

முதலில் நிருபம் முழுவதையும் ஒரே அமர்வில் படியுங்கள். 13 அதிகாரங்கள், 303 வசனங்கள். வாய்விட்டு வாசித்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். யார் எழுதியது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்; நிருபமே பெயர் சொல்லவில்லை. யாருக்கு எழுதப்பட்டது என்பதைத்தான் தேட வேண்டும். அவர்கள் கர்த்தரிடம் நேரடியாகக் கேட்டவர்கள் மூலமாகச் சுவிசேஷத்தைப் பெற்றவர்கள் (2:3). விசுவாசத்துக்காக ஆஸ்திகளைக் கொள்ளையிடக் கொடுத்தவர்கள் (10:34). இரத்தம் சிந்துமளவுக்கு இன்னும் எதிர்த்து நிற்காதவர்கள் (12:4). சிலர் சபைகூடிவருதலையே விட்டுவிட்டார்கள் (10:25). கிறிஸ்து தேவதூதரிலும் மோசேயிலும் ஆரோனிலும் மேலானவர் என்று ஆசிரியர் அடுக்கிக்கொண்டே போவதைப் பார்த்தால், அவர்களுக்கு இருந்த சோதனை எதுவென்று தெரிகிறது. கிறிஸ்துவை விட்டுப் பழைய பலிமுறைக்குத் திரும்புவதுதான் அது.

வாசிக்கும்போதே எச்சரிப்புப் பகுதிகளை ஓரத்தில் குறித்துவாருங்கள். ஐந்து இருக்கின்றன: 2:1-4, 3:7–4:13, 5:11–6:12, 10:26-39, 12:14-29. நம்முடைய பகுதி அவற்றில் மூன்றாவது. மற்ற நான்கையும் ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் தனியாக விளக்கம் சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்தது பகுதியின் எல்லை. 5:10-இல் ஆபிரகாமின் காலத்து ஆசாரியரான மெல்கிசேதேக்கின் பேச்சு வருகிறது. 5:11-இல் ஆசிரியர் அதை நிறுத்தி, கேட்பவர்களைக் கடிந்துகொள்கிறார். 6:20-இல் மறுபடி மெல்கிசேதேக்கிடம் திரும்புகிறார். இடையில் இருப்பது ஒரே மூச்சில் வந்த பேச்சு. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களை ராபர்ட் எஸ்தியென் 1551-இல்தான் அச்சில் கொண்டுவந்தார். அவை தேட உதவுமே தவிர, அர்த்தத்துக்கு வரம்பு கட்டாது.

இப்போது பென்சிலை எடுத்து, யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதை மட்டும் கோடிடுங்கள். 5:11-12-இல் "நீங்கள்". 6:1-3-இல் "நாம்". 6:4-6-இல் மட்டும் "அவர்கள்". 6:9-இல் மீண்டும் "பிரியமானவர்களே... உங்களிடத்தில்". பத்து நிமிட வேலைதான். ஆனால் பல வியாக்கியானப் புத்தகங்களைவிட அதிகம் கற்றுத்தரும். நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்று அவர் யாரையும் சொல்லவில்லை. விழுந்தவர்களைக் காட்டிவிட்டு, உங்களிடத்தில் "நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள்" உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார்.

அதன்பின் சொற்கள். அகராதிக்குப் போகுமுன், அதே நிருபத்தில் அந்தச் சொல் வேறெங்கே வருகிறது என்று ஒத்துவாக்கியத்தில் (ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூலில்) பாருங்கள். இரட்சிப்பை இழக்கலாம், இழக்க முடியாது என்னும் இரண்டு தரப்பும் இங்கேதான் சறுக்கும். "ருசிபார்த்தார்கள், விழுங்கவில்லை, ஆகவே அவர்கள் உண்மை விசுவாசிகள் அல்ல" என்று ஒரு வாதம் உண்டு. 2:9-இல் இயேசுவே எல்லாருக்காகவும் மரணத்தை ருசிபார்த்தார். அவர் மரித்தது நுனிநாக்குச் சமாச்சாரம் இல்லையே! அந்த வாதத்தை விட்டுவிட வேண்டும். மறுபுறம், "கூடாதகாரியம் என்றால் மிகவும் கடினம் என்றுதான் பொருள்" என்று தணிப்பவர்கள் 11:6-ஐப் பார்க்கட்டும்: விசுவாசமில்லாமல் தேவனுக்குப் பிரியமாயிருப்பது "கூடாதகாரியம்". அங்கே அது வெறும் கடினமா? அப்படியானால் இங்கேயும் தணிக்க இடமில்லை.

தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிப்பு. பேதுரு கர்த்தரை மறுதலித்ததும், 6:6-இல் "மறுதலித்துப்போனவர்கள்" என்பதும் நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒரே சொல். மூல கிரேக்கத்தில் அவை வெவ்வேறு சொற்கள். 6:6-இல் உள்ளது விழுந்துபோவதைக் குறிப்பது. ஒத்துவாக்கியத்தை மட்டும் நம்பி இரண்டையும் முடிச்சுப் போட்டால், யோவான் 21-இல் பேதுரு மீட்டெடுக்கப்பட்டதை விளக்கத் திண்டாட வேண்டியிருக்கும். 6:6 சொல்லும் விழுகை எது என்பதற்கு 10:29-தான் நல்ல விளக்கம்: தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதித்து, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்றெண்ணி, கிருபையின் ஆவியை நிந்திப்பது. கோபம், பொய், ஜெபத்தில் சோர்வு போன்றவற்றை இதற்குள் திணிக்க முடியாது. சபை மாறிப் போனவர்களை மிரட்ட இந்த வசனத்தை எடுப்பது சுத்த அநியாயம்.

பழைய ஏற்பாட்டுப் பின்னணியைத் தேடுவதற்கு ஆசிரியரே வழி காட்டுகிறார். 3:7-11-இல் அவர் மேற்கோள் காட்டுவது சங்கீதம் 95. அதன் பின்னால் நிற்பது எண்ணாகமம் 13, 14 அதிகாரங்கள். அவற்றை முழுசாகப் படியுங்கள். கடலைக் கடந்தவர்கள், மன்னாவைத் தின்றவர்கள், தேவமகிமையைக் கண்டவர்கள், கானான் தேசத்தின் எல்லையில் நின்றுகொண்டு உள்ளே போக மறுத்தார்கள். 14:20-இல் மன்னித்தேன் என்கிறார் கர்த்தர். ஆனாலும் அந்தச் சந்ததி தேசத்தைக் காணாது என்கிறார். அவர்கள் துக்கித்து, மறுநாள் தாங்களாகவே மலையேறி, ஓர்மா என்ற இடம்வரைக்கும் முறியடிக்கப்பட்டார்கள் (14:39-45). எபிரெயர் 6-இன் கடுமை எங்கிருந்து வருகிறது என்று இதைப் படித்தபின் கேட்கத் தேவையிருக்காது.

இனி அந்த முதல் கேள்விக்கு வரலாம். "தெளிவான வசனம் தெளிவற்றதை விளக்கும்" என்பது நல்ல விதி. ஆனால் எது தெளிவானது என்பதை நம் கொள்கைதான் தேர்ந்தெடுக்கிறது என்பதை மறந்தால் அது தந்திரமாகிவிடும். ஒரு தாளை நடுவில் கோடிட்டு இரண்டு பக்கமும் எழுதுங்கள்: யோவான் 10:28-29, ரோமர் 8:30, பிலிப்பியர் 1:6, 1 யோவான் 2:19 (இழக்க முடியாது என்பதற்குக் காட்டப்படுபவை) ஒரு பக்கம், எபிரெயர் 10:26-29, 2 பேதுரு 2:20-22 (இழக்கலாம் என்பதற்குக் காட்டப்படுபவை) மறுபக்கம். ஒவ்வொன்றையும் அதன் அதிகாரத்தோடு வாசித்தபிறகே எடைபோட வேண்டும்.

வியாக்கியானங்களைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான், முன்னால் அல்ல. ஆங்கிலேய பியூரிட்டன் இறையியலாளர் ஜான் ஓவன் (1616–1683), 6:4-6 சொல்லும் "அவர்களை" வெளியரங்கமான சிலாக்கியங்களைப் பெற்றும் மறுபடி பிறவாதவர்கள் என்றார்; 6:7-8-இல் ஒரே மழையைக் குடித்த நிலம் முள்ளையும் முளைப்பிப்பது அவருக்குத் துணை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791) இவர்களை உண்மையாகவே விசுவாசித்து விழுந்தவர்கள் என்றார். 10:29-இல் "தன்னைப் பரிசுத்தஞ்செய்த" இரத்தம் என்று வருவது அவர் பக்கம் கனமாக நிற்கிறது. தம்முடையவர்களை முடிவுவரை காக்க தேவன் பயன்படுத்தும் கருவியே இந்த எச்சரிப்பு என்பது இன்னொரு கருத்து. 3:14-ஐயும் 6:9-ஐயும் சேர்த்துப் பார்த்தால் அதுவே நிருபத்தின் போக்குக்கு மிகவும் பொருந்துகிறது என்பது எங்கள் முடிவு. ஆனால் 4, 5 வசனங்களின் விவரிப்பு அதை இலகுவாக விட்டுவிடுவதில்லை. மூன்று கருத்துக்காரர்களுமே வேதத்துக்குக் கீழ்ப்பட்டு எழுதுகிறவர்கள். மாற்றுக்கருத்தைக் கள்ள உபதேசம் என்று முத்திரை குத்துவதற்கு இந்தப் பகுதி ஆதாரமாகாது.

குறிப்பேட்டில் எழுதும்போது உறுதி, அநேகமாக, தெரியாது என்று பிரித்து எழுதுங்கள். கிறிஸ்துவை விட்டு வேறு பலி இல்லை என்பது உறுதி. அந்த "அவர்கள்" மறுபடி பிறந்தவர்களா என்பது அநேகமாக. 1 கொரிந்தியர் 15:29-இல் மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார் என்பதெல்லாம் "தெரியாது" என்ற மூன்றாம் பத்தியைத் தாண்டாது. உயிர்த்தெழுதலுக்கான பவுலின் வாதத்தில் அந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, யாரிடம் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். "நான் பின்மாற்றத்தில் போனேன், எனக்கு மன்னிப்பு உண்டா?" என்று பயந்து வருகிறவர் பெரும்பாலும் எபிரெயர் 12:17-ஐயும் கையில் வைத்திருப்பார்: ஏசா கண்ணீர்விட்டும் கிடைக்கவில்லையே என்பார். ஆதியாகமம் 27:34, 38-ஐத் திறந்து காட்டுங்கள். ஏசா அழுதது ஆசீர்வாதத்துக்காக. தன் பாவத்துக்காக என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு எபிரெயர் 4:14-16, 7:25: கிறிஸ்து மூலமாகத் தேவனிடத்தில் சேருகிறவர்களை அவர் முற்றுமுடிய இரட்சிக்க வல்லவர். ஆனால் கிறிஸ்து எனக்குத் தேவையில்லை என்று தெளிந்த மனதோடு விலகிப்போகிறவரிடம் 7:25-இலிருந்து தொடங்கக் கூடாது. 10:26-31-ஐ முதலில் வாசித்துக் காட்டி, எச்சரிப்பைக் குறைக்காமல் சொல்லுங்கள்.