வாலிபர் நிறைந்த சபையில் அறுபதைத் தாண்டியவர்கள் தவிர்க்க வேண்டியவை

சேலம் ஐந்து ரோடு பக்கம் நாங்கள் போகும் சபையில் முக்கால்வாசிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். எனக்கு 63. டிரம்ஸ், பெரிய திரை, வாய்க்கு வராத புதுப் பாட்டு, எல்லாம் சேர்ந்து இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றவைத்துவிடும். இரண்டு வருடம் நானும் அப்படியே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அதுதான் முதல் தவறு: யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருப்பது. கூப்பிட மாட்டார்கள். பெரியவர்களை வேலை வாங்கக் கூடாது என்று சொல்லித்தானே நாம் அவர்களை வளர்த்தோம்? ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்கப் போங்கள். ஒரு ஞாயிறு நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் தர்மபுரிப் பையன் ஒருவன், எல்லாரும் போன பிறகும் கிளம்பாமல், அடுக்கின நாற்காலிகளையே திரும்பவும் நேராக்கிக்கொண்டு நின்றான். "சாப்பிட்டியா தம்பி?" என்றேன். "இல்லீங்க அங்கிள்." கொஞ்ச நேரம் கழித்து, "மூணு அரியர் இருக்குங்க. வீட்டுக்குத் தெரியாதுங்க."

இந்த இடத்தில்தான் அடுத்த தவறு நாக்கு நுனியில் வந்து நிற்கும். "நாங்க எல்லாம் அந்தக் காலத்துல..." அதை விழுங்கிவிடுங்கள். அன்று வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டோம், அவ்வளவுதான். மீதியைச் செவ்வாய்க்கிழமை அவனே போன் செய்து சொன்னான்.

பாட்டு விஷயம். சத்தம் தாங்கவில்லையா, ஸ்பீக்கருக்கு எதிரே உட்காராதீர்கள், மிக்சரில் இருக்கும் பையனிடம் நேராகச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் புலம்புவதால் யாருக்கும் லாபமில்லை. கீர்த்தனையை மறந்துவிட்டார்கள் என்று குறை சொல்வதற்குப் பதில் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் கீர்த்தனை எழுதியவர் என்று சொன்னதும், எங்கள் கீபோர்டு பையன் முதலில் கேட்டது "என்ன ராகம்ங்க அங்கிள்?"

இளமையாகக் காட்டிக்கொள்ள முயல்வதும் வேண்டாம். பைபிளில் 2 சாமுவேல் 19இல் வரும் பர்சிலா என்ற பெரியவருக்கு 80 வயது. எருசலேமுக்கு வாருங்கள் என்று தாவீது ராஜாவே அழைத்தும், பாடகர்களின் சத்தம் இனி என் காதில் விழுமா என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டு, தன் இடத்தில் கிம்காம் என்ற இளையவனை அனுப்பிவைத்தார். அதற்கு முன், மகனுக்குத் தப்பி ஓடிவந்த தாவீதுக்கும் அவரோடிருந்த ஜனங்களுக்கும் கோதுமையும் பயறும் தேனும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பசித்தவனுக்குச் சோறு, இளையவனுக்கு முன்னிடம்: அறுபதுக்கு மேல் நம் ஊழியத்துக்கு இந்த மனுஷனை விட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஏற்காடு வாலிபர் முகாம் என்றால், அது பிள்ளைகளுக்கு என்று ஒதுங்காதீர்கள். போன முறை 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் வேனில் நாலு பிள்ளைகள் வாந்தி. பிளாஸ்டிக் பையும் எலுமிச்சம்பழமும் கையில் வைத்திருந்தது என் மனைவி ஒருத்திதான். ராத்திரி குளிரில் ஒரு பெண் பிள்ளை அவள் சால்வைக்குள் சுருண்டு, அம்மா இறந்து ஒரு வருடம் ஆகவில்லை என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளை இவள் பக்கத்தில்தான் உட்காருகிறது.

தர்மபுரிப் பையன் இரண்டு அரியரை முடித்துவிட்டான். மூன்றாவது நவம்பரில்.